கண்மாய்க் கரையில் நட்ட கல்

ராஜா ஆண்ட காலத்துக் கதை இது. எந்த ராஜா என்று கேட்டு என் வாயைக் கிளறாதீர்கள். அந்த ராஜா இந்த ஊருக்கு வந்ததும் இல்லை, இந்த ஊர் அவரைத் தேடிப் போனதும் இல்லை. ஊருக்குப் பேர் நெடுங்கரை. ஊரின் தலைமாட்டில் ஒரு கண்மாய். மலையில் பெய்கிற மழையெல்லாம் ஓடி வந்து அந்தக் கண்மாயில்தான் விழும். கண்மாயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மண் கரை. கரைக்குக் கீழே வீடுகள், வீடுகளுக்குக் கீழே வயல்கள். கரை நின்றால் ஊர் நிற்கும், கரை போனால் ஊர் போகும். நெடுங்கரையில் பால்குடிப் பிள்ளைக்கும் இது தெரியும்.

அவ்வளவு முக்கியமான கரையை யார் பார்த்துக்கொள்வது? அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். கரையை வீட்டுக்கு ஒரு பாகமாகப் பிரித்தார்கள். அவரவர் பாகத்துக்கு அவரவர் மண் போட வேண்டும், அவரவர் மிதிக்க வேண்டும், அவரவர் எலிவளை அடைக்க வேண்டும். கரையில் பாகம் உள்ளவனுக்குத்தான் கண்மாய்த் தண்ணீர். பாகம் இல்லாதவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நல்ல முறைதானே? யார் இல்லை என்றது? ஆளாளுக்குப் போட்டி போட்டுக்கொண்டு கரையைக் கவனித்தார்கள். பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழையும் முன்னால் கரைக்குப் போய் அந்த வீட்டுப் பாகத்தைப் பார்ப்பார்கள். அங்கே புல் மண்டிக் கிடந்தால் கை நனைக்காமல் திரும்பிவிடுவார்கள்.

ஆனால் மனிதன் இருக்கிறானே, அவனுக்கு ஒரு நல்லதைக் கொடுத்தால் அதற்குள் ஒரு கெட்டதைச் செருகாமல் விடமாட்டான். என் பாகம் எங்கே முடிகிறது, உன் பாகம் எங்கே தொடங்குகிறது என்று சண்டை வந்தது. சண்டை வராமல் இருக்க, இரண்டு பாகம் சேருகிற இடத்தில் எல்லாம் ஒரு கல்லை நட்டார்கள். அந்தக் கல்லை எவனும் அசைக்கக் கூடாது என்று கரை ஐயனார் முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார்கள். அசைத்தால் அவன் பாகம், கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்குப் போய்விடும். பாகத்தோடு தண்ணீரும் போய்விடும்.

அதற்குப் பிறகு கரை ஒரு தரம் உடைந்தது. கல் நட்ட இடத்தில்தான் உடைந்தது. ஊர் கூடி, யார் பக்கத்துக் குற்றம் என்று பேசிப் பேசித் தொண்டை வற்றியது. கல் சின்னதாக இருந்ததால்தான் குழப்பம் என்று முடிவு செய்து, பெரிய கல்லாக நட்டார்கள்.

இரண்டாம் தரம் உடைந்தது. அதுவும் கல் இருந்த இடம்தான். கல் ஆழமில்லை என்று சொல்லி, இன்னும் ஆழமாக நட்டார்கள்.

மூன்றாம் தரம் உடைந்தது. கல்லுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, கோழி அறுத்தார்கள். உடைந்த இடத்தில் எல்லாம் ஒரு கல் இருந்ததே என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டுமே, தோன்றவில்லை. யார் தலையில் பழியைப் போடலாம் என்று தேடிக்கொண்டிருந்தவர்களுக்குக் காலடியைப் பார்க்க நேரம் ஏது?

இப்போது இருளப்பனிடம் வருவோம். இந்தக் கதை அவனுடையது.

இருளப்பனும் அவன் தம்பி மாயழகும் ஒரு தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அப்பன் செத்ததும் கரையில் அப்பன் பாகத்தை இரண்டாகப் பிரித்தார்கள். இருளப்பன் கயிறு பிடித்து அளந்தான். கயிற்றைத் தளர விட்டுவிட்டாய், ஒரு சாண் என் பக்கம் குறைகிறது என்றான் மாயழகு. ஒரு சாண் மண். அதை இருளப்பன் சிரித்துக்கொண்டே விட்டுக் கொடுத்திருக்கலாம். "என்னையவா திருடன்னு சொல்ற?" என்று கேட்டுவிட்டான். மாயழகும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் வாயை மூடிக்கொண்டு நின்றான்.

இருளப்பனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மலையடிவாரத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போனான். அங்கே கிடந்ததிலேயே பெரிய கல்லை, மாடுகளின் வாயில் நுரை தள்ள இழுத்து வந்தான். இடுப்பளவு குழி வெட்டி அதைக் கரையில் நட்டான். நெடுங்கரையில் அவ்வளவு பெரிய கல் வேறு எவன் பாகத்திலும் இல்லை. அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

வீடு என்னவோ அடுத்தடுத்த வீடுதான். இருளப்பனுக்குத் தம்பியைத் திட்ட வேண்டும் என்று தோன்றினால் மாட்டைத் திட்டுவான். "தின்ன சோத்துக்கு நன்றி இருக்கா உனக்கு?" என்பான் சத்தமாக. அந்தப் பக்கத்திலிருந்து மாயழகு தன் ஆட்டுக்குப் பதில் சொல்வான். மாடும் ஆடும் ஒரு பாவமும் அறியாது. இரண்டு வீட்டுப் பெண்களும், மூத்தவன் பெண்டாட்டி பஞ்சவர்ணமும் இளையவன் பெண்டாட்டி மீனாளும், முருங்கைக்கீரை பறிக்கிற சாக்கில் சுவரோரம் நின்று தலையில் அடித்துக்கொள்வார்கள்.

ஐப்பசி பிறந்தது. வானம் கறுத்தது, வெளுத்தது, மறுபடி கறுத்தது. மலைப்பக்கம் இடி உருண்டது. கண்மாயில் தண்ணீர் ஏற ஏற இருளப்பனுக்கு உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை, நின்றால் நிற்க முடியவில்லை. பாதிச் சோற்றில் எழுந்து கரைக்குப் போவான். போய்விட்டு வந்து மீதியைச் சாப்பிடுவான். கை கழுவிவிட்டு மறுபடி போவான்.

"உங்களுக்குக் காலுல என்ன சக்கரமா கட்டியிருக்கு?" என்று கேட்டாள் பஞ்சவர்ணம்.

"கரைய ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துர்றேன்."

"காலையிலதான பார்த்தீக? அதுக்குள்ள கரை எங்கிட்டு ஓடிப்போச்சு?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அப்படி அலைந்ததற்குக் காரணம் இருந்தது. கரையின் வெளிப்பக்கச் சரிவில், அவன் நட்ட கல்லுக்கு நேர் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஈரத்தைப் பார்த்திருந்தான். மழை ஈரம் இல்லை. மலையில் பெய்த மழை ஊருக்குள் இன்னும் பெய்யவே இல்லையே. தொட்டுப் பார்த்தான், விரல் ஜில்லென்றது. அடுத்த நாள் அது முறம் அகலமாகியிருந்தது.

கரை முழுக்க நடந்து பார்த்தான். கல் இல்லாத இடத்தில் மண் காய்ந்து கிடந்தது. கல் நட்டிருந்த இடத்தில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ஈரம். வெயிலில் மண் சுருங்கும், கல் சுருங்காது. கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு கோடு போல இடைவெளி விட்டிருந்தது. அந்த வழியைத் தண்ணீர் கண்டுபிடித்துவிட்டது. எல்லாக் கல்லையும்விட அவன் நட்ட கல்தான் பெரிது, அதுதான் ஆழம். அங்கேதான் ஈரமும் அதிகம்.

ஊர்த் தலைவர் சேவுகப்பெருமாளிடம் போனான். அவரை எல்லோரும் அம்பலம் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அம்பலம், கல்லடியில தண்ணி கசியுதுங்க. எல்லாக் கல்லடியிலயும் கசியுது. கல்லையெல்லாம் எடுத்துட்டுக் களிமண்ணு போட்டு மிதிக்கணும்."

அம்பலம் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏப்பா, கல்ல எடுத்துட்டா நாளைக்கு எவன் எவன் பாகத்துல நுழைவான்னு எனக்குல்ல தெரியும். நீ நட்ட கல்லு உனக்கே கசக்குதாக்கும்?"

அடுத்து கார்மேகத்திடம் போனான். கார்மேகம் அம்பலத்தின் பக்கத்துப் பாகக்காரன். "என் பக்கம் கசியல. ஈரமெல்லாம் அம்பலம் பக்கம்தான். அவரு பார்த்துக்கிருவாரு" என்றான் கார்மேகம்.

கடைசியாக ஐயனார் கோயில் பூசாரியிடம் போனான். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு யோசித்துவிட்டு, இந்தத் தடவை கோழி போதாது, கிடாய் வெட்ட வேண்டும் என்றார்.

மூன்று பேரிடம் சொல்லியாகிவிட்டது. கல்லின் அந்தப் பக்கத்துக்காரன் ஒருத்தன் இருக்கிறானே, சுவருக்கு அடுத்த பக்கம் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டு, அவனிடம் மட்டும் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், இருளப்பனைத் தப்பாக நினைத்தாலும் சரி. அவன் மனசுக்குள் ஒரு கெட்ட எண்ணம் ஓடியது. தம்பியும் இந்த ஈரத்தைப் பார்ப்பான். பயந்து போய் அவனே கல்லைப் பிடுங்குவான். கல்லை அசைத்தவன் பாகம் யாருக்கு? எனக்கு. இப்படிக் கணக்குப் போட்டான் கூடப்பிறந்தவன். போட்டுவிட்டு அவனுக்கே சோறு இறங்கவில்லை.

மாயழகும் பார்க்கத்தான் செய்தான். இருளப்பன் கரையிலிருந்து இறங்கினால் மாயழகு ஏறுவான். குனிந்து ஈரத்தைத் தொடுவான், நிமிர்ந்து அண்ணன் வீட்டைப் பார்ப்பான், போய்விடுவான். அவன் போனதும் இருளப்பன் மறுபடி ஏறுவான். ஒரே ஈரத்தை இரண்டு பேரும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார்களே தவிர, சேர்ந்து நின்று ஒரு தரம் பார்க்கவில்லை.

சும்மா இருக்க முடியாத இருளப்பன் வேறு ஒரு வேலை செய்தான். கண்மாய்க்கு அப்பாலிருந்து களிமண்ணை வெட்டிவந்து வீட்டுக்குப் பின்னால் குவித்தான். வைக்கோலைத் திரித்துக் கட்டுக் கட்டாக அடுக்கினான். பனங்கட்டைகளைக் கூராகச் சீவி வைத்தான். "வீட்டுக்குள்ள கோட்டை கட்டப் போறீகளா?" என்று பஞ்சவர்ணம் கேட்டாள். அவள் கேலி செய்தாலும், களிமண் காயாமல் இருக்கத் தினமும் அவள்தான் தண்ணீர் தெளித்தாள்.

பிறகு மழை வந்தது. வந்ததா, கொட்டியது. மலையும் ஊரும் ஒன்றுக்கொன்று தெரியாமல் கொட்டியது. கண்மாய் நிறைந்தது. உபரித் தண்ணீர் வழிந்தோடுகிற கலுங்கில் வெள்ளம் மூச்சுவிடாமல் பாய்ந்தது, அப்படியும் கண்மாயில் மட்டம் குறையவில்லை. விடிந்ததும் பறை அடித்தார்கள். ஊர் மொத்தமும் கரைக்கு ஏறியது.

ஏறி என்ன? அங்கேயும் முறைதான். வெள்ள நாளில் ஒவ்வொரு வீட்டுக்காரனும் அவனவன் பாகத்தில்தான் நிற்க வேண்டும். அடுத்தவன் பாகத்தில் கால் வைத்தால் மண் திருட வந்தான் என்று அர்த்தம். கரை நீளத்துக்கு ஆட்கள் மண்வெட்டியும் கூடையுமாக, கல்லுக்குக் கல் பிரிந்து நின்றார்கள். அந்தப் பெரிய கல்லுக்கு இந்தப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் குவித்ததையெல்லாம் கரையில் கொண்டுவந்து போட்டுவிட்டு, இருளப்பனும் பஞ்சவர்ணமும் நின்றார்கள். அந்தப் பக்கம் மாயழகும் மீனாளும் நின்றார்கள். கையை நீட்டினால் தொடலாம்.

இருளப்பன் தண்ணீரைப் பார்க்கவில்லை. வெளிச்சரிவையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்லடியில் ஈரம் போய், ஊற்று மாதிரி தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகிய தண்ணீர் தெளிவாக இருந்தது. தெளிவாக இருக்கிறவரை பயமில்லை, அது வெறும் கசிவு. அவன் இறங்கிப் பார்ப்பான், ஏறுவான், மறுபடி இறங்குவான். உச்சிப்பொழுது தாண்டியதும் இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டான். தண்ணீர் கலங்கி வந்தது. கரையின் வயிற்றுக்குள்ளிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வந்தது.

ஏறி வந்தான். "பஞ்சவர்ணம், மாட்ட ஓட்டிக்கிட்டு வா. வடக்கயிறையும் எடுத்துக்க" என்றான்.

அவளுக்கு விளங்கிவிட்டது. "கல்ல எடுத்தா நம்ம தண்ணி போச்சு. நாளைக்கு என்னத்தத் திங்கிறது?"

"கல்லு நின்னா ஊரே போகுது."

"வேற வழியே இல்லையா?"

"இருந்தா நான் இத்தன நாளா இப்படி அலைஞ்சிருப்பேனா?"

பஞ்சவர்ணம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினாள்.

இருளப்பன் பனங்கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கண்மாய்ப் பக்கம் இறங்கினான். தண்ணீர் இடுப்பைத் தொட்டது, நெஞ்சைத் தொட்டது. கல்லைச் சுற்றி அரைவட்டமாகக் கட்டைகளை அறைந்து, வைக்கோலும் களிமண்ணும் திணித்து முதலில் தண்ணீர் நுழைகிற வாயை அடைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கல்லை எடுக்கலாம். தன் பக்கத்திலிருந்து ஒவ்வொரு கட்டையாக அறைந்துகொண்டு போனான். கல்லுக்கு நேரே வந்தான். அடுத்த கட்டை தம்பி பாகத்தில் இறங்க வேண்டும்.

கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேலே மாயழகு மண்வெட்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கரையில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருளப்பனுக்கு அவமானமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கட்டையைத் தம்பி பாகத்தில் ஊன்றினான்.

தண்ணீருக்குள் தொபுக்கென்று ஆள் குதித்த சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் மாயழகு பக்கத்தில் நின்றான்.

"வைக்கோல இங்கிட்டுத் தள்ளுண்ணே" என்றான்.

எத்தனையோ வருசத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அதுதான். அதற்குமேல் பேச நேரம் இல்லை. கட்டை அறைந்தார்கள். வைக்கோல் திணித்தார்கள். மீனாள் கூடை கூடையாகக் களிமண்ணைக் கொண்டு வந்து கொட்டினாள். அரைவட்டம் மூடியது. வெளிப்பக்கத்தில் ஒழுக்கு இளைத்தது, ஆனாலும் நிற்கவில்லை. கல் அங்கே நிற்கிறவரை தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு வேறு வழி தேடும்.

பஞ்சவர்ணம் மாடுகளோடு வந்தாள். இருளப்பன் கரைக்கு ஏறி, கல்லின் கழுத்தில் கயிற்றை மாட்டினான். தூரத்திலிருந்து அம்பலம் கத்தினார்: "இருளப்பா, ஐயனார் சத்தியம். யோசிச்சுச் செய்யி."

இருளப்பன் யோசித்து முடித்திருந்தான். மாடுகளை அதட்டினான். கல் ஒரு தரம் அசைந்தது. இரண்டாம் தரம் சாய்ந்தது. மூன்றாம் தரம் பிடுங்கிக்கொண்டு சரிவில் உருண்டு ஓடியது. மாயழகு குழிக்குள் இறங்கினான். அண்ணன் பக்கத்துக் கரையிலிருந்து ஒரு கூடை, தன் பக்கத்துக் கரையிலிருந்து ஒரு கூடை, மேலே களிமண் ஒரு கூடை என்று மற்ற மூவரும் போடப்போட, நின்ற இடத்திலேயே மிதித்துக் குழைத்தான். குழி மேடாகும்வரை மிதித்தான். வெளிச்சரிவில் ஒழுக்கு நின்றது.

சாயங்காலம் மழை வெறித்து ஓய்ந்தது. கரை நின்றது, ஊரும் நின்றது.

மறுநாள் காலையில் ஊர் ஐயனார் கோயில் முன்னால் கூடியது. அம்பலம் கெட்டவர் இல்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு சத்தியத்தைத் தளர்த்தினால் ஊரே தளர்ந்துவிடும் என்று பயந்தவர்.

"இருளப்பன் கரையக் காப்பாத்துனது நெசம். அவன் கால்ல விழுந்து கும்பிடலாம். கல்லப் பிடுங்குனதும் நெசம். எல்லாரும் பார்த்தீக. சத்தியம் சத்தியந்தான். அவன் பாகமும் தண்ணியும் இன்னையோட மாயழகுக்கு" என்றார்.

இருளப்பனுக்கு இது தெரிந்ததுதான். வீடுகளுக்குக் கீழே தெரிந்த தன் வயலைப் பார்த்தான். இனி அது மேய்ச்சல் தரைதான். பஞ்சவர்ணம் அவன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

அம்பலம் மாயழகைக் கூப்பிட்டார். "வாப்பா. கல்லுதான் இல்லையே, புதுசா அளந்து உன் பேருக்கு மாத்தணும். உங்க அண்ணன் பாகம் எந்த இடத்துல ஆரம்பிச்சுச்சு? காட்டு."

மாயழகு கரையைப் பார்த்தான். "தெரியலைங்க" என்றான்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஒரு சாண் மண்ணுக்காக அண்ணன் முகத்தில் முழிக்காதவன், தெரியவில்லை என்கிறான். அம்பலத்துக்குக் கோபம் வந்தது. "விளையாடுறியா? கண்ணக் கட்டிவிட்டாலும் அந்த இடத்துல போயி நிப்பியே நீ. கைய மட்டும் நீட்டு, தண்ணி மொத்தமும் உனக்கு. எங்கிட்டு இருந்துச்சு கல்லு?"

இதே தம்பி கல்லைப் பிடுங்கிப் பாகத்தை இழக்கட்டும் என்று காத்திருந்தோமே என்று இருளப்பன் நினைத்தான். வெட்கத்தில் உடம்பு கூசியது. தம்பியின் கையையே பார்த்தான். கை அசையவில்லை.

"தெரியலைங்க, அம்பலம்."

அம்பலம் பூசாரியைப் பார்த்துத் தலையசைத்தார். பூசாரி ஐயனார் முன்னால் தட்டில் கற்பூரத்தை ஏற்றினார். "மூணாவது தடவையா கேக்குறேன். ஐயனார் முன்னால நின்னு சத்தியமாச் சொல்லு. உன் பாகம் எது, உங்க அண்ணன் பாகம் எது?"

மீனாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்று நம்புகிற ஊர் அது. இருளப்பனுக்கு வயலும் மறந்தது, தண்ணீரும் மறந்தது.

"தம்பி, காட்டிரு. எனக்காகப் பொய்ச் சத்தியம் வேணாம். தண்ணி போனாப் போகுது" என்றான்.

மாயழகு அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கற்பூரத்துக்கு முன்னால் போய் நின்றான்.

"ஐயனாரே, நெசத்த மட்டுந்தான் சொல்றேன். கல்லு இருந்த குழிக்குள்ள நின்னவன் நான். என் பக்கத்து மண்ணும் எங்கண்ணன் பக்கத்து மண்ணும் என் காலடியிலதான் விழுந்துச்சு. ரெண்டையும் நான்தான் மிதிச்சுக் குழைச்சேன். அந்தக் குழைஞ்ச மண்ணுதான் நேத்து ஊரக் காப்பாத்திச்சு. அதுல எது அவரு மண்ணு, எது என் மண்ணுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சவுக வந்து பிரிச்சுக் காட்டட்டும், பிறகு நான் கைய நீட்டுறேன்."

சொல்லிவிட்டுக் கற்பூரத்தை அடித்து அணைத்தான். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அம்பலம் எழுந்து கரைமேல் ஏறித் தன் பாகத்துக்கு நடந்தார். ஊர் பின்னால் போனது. தன் கல்லுக்குக் கீழே வெளிச்சரிவில் குனிந்து தொட்டுப் பார்த்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கார்மேகம் தன் பக்கத்தில் நின்றபடி எட்டிப் பார்த்தான்.

"அங்கிட்டு நின்னு என்ன பார்க்கிற? இங்கிட்டு வா" என்றார் அம்பலம். "வரும்போது கடப்பாரையக் கொண்டு வா."

தண்ணீர் வடிந்ததும் கரையில் இருந்த கற்களையெல்லாம் எடுத்தார்கள். அவற்றைக் கொண்டுபோய்க் கலுங்கில் பதித்தார்கள். வெள்ளம் பாய்கிற இடத்துக்குக் கல் நல்லது, அங்கே அது நன்றாக உட்கார்ந்தது. பாகம் என்கிற பேச்சையே எடுத்துவிட்டார்கள். அடுத்து வந்த புரட்டாசியில் ஊர் மொத்தமும் கரையின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனைவரை சேர்ந்து மண் போட்டது. தண்ணீர் எல்லா வயலுக்கும் முறை வைத்துப் போனது. மழைக்கு முன்னால் வைக்கோலும் களிமண்ணும் பனங்கட்டையும் கரையோரம் குவித்து வைத்தார்கள். வெள்ள நாளில் எவனும் எங்கேயும் நிற்கலாம், எங்கே கசிந்தாலும் எவனும் இறங்கலாம்.

இருளப்பன் மாறிவிட்டானா என்று கேட்காதீர்கள். வானம் கறுத்தால் அவனுக்கு இருப்புக் கொள்ளாது. பாதிச் சோற்றில் எழுந்துதான் போனான், கடைசிவரை. ஒரே வித்தியாசம், சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்து "ஏய், வாடா போவோம்" என்பான். மாயழகு ஆட்டை அவிழ்த்த கையோடு வருவான். ஈரத்தைத் தொட்டுப் பார்ப்பதும் கயிறு தளர்ந்ததா தளரவில்லையா என்று வாக்குவாதம் செய்வதுமாக இரண்டு பேரும் கரை நீளத்துக்கு நடப்பார்கள்.

இந்தக் கதை சொல்லுகிற நீதி இதுதான்: என்னுடையது உன்னுடையது என்று பிரித்த இடத்தில்தான் வெள்ளம் முதலில் நுழையும், அந்த இடத்தை இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து காத்தால்தான் ஊர் பிழைக்கும்.